இன்னும் ஒரு விரல்

சாத்தூர்ப் பொதுக்கூட்டத்தில் என் முறை வந்து ஒலிவாங்கியைப் பற்றிய நேரத்தில், தோழர் ஒருவர் துண்டுத்தாளை நீட்டினார். “அன்னத்தாய் போயிட்டாக.” இரண்டே சொற்கள். மணிக்கணக்கில் முழங்கும் நான், அன்று அவையோருக்கு வணக்கமும் கூறாமல் ஒலிவாங்கியைக் கீழே வைத்தேன்.

அன்னத்தாயை அறிந்தவர்களே! நம் உழவர் சங்கத்தில் நான் பேசினேன். செயலாளரான அவர் மற்ற எல்லாம் செய்தார். அரை ஏக்கர் மானாவாரி நிலம் அவருக்கு. வயிற்றுப்பாட்டுக்கு வீட்டில் அமர்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் ஒட்டினார். என்னை ஒருநாளும் பெயரிட்டு அழைத்ததில்லை. “பேச்சாளரே, இங்கன மழை பேஞ்சது போதும், மைக்கக் கீழ வைங்க” என்று முன்வரிசையிலிருந்து அவர் அதட்டினால் கூட்டமே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

சென்ற ஆண்டு புரட்டாசியில், அரசின் உழவர் உதவித்தொகை தொடர வேண்டுமானால் கருவியில் விரல்ரேகை பதித்தாக வேண்டும் என்றார்கள். பட்டாசு மருந்திலும் பசைத்தாளிலும் தேயும் விரல்களில் ரேகை எங்கே நிற்கும்? அச்சங்குளத்து முகாமின் கடைசி நாள். பட்டாசு ஆலைக்கும் போய்க்கொண்டு, ஓர் ஏக்கரில் மக்காச்சோளம் போட்டு, மேலுரம் வாங்க அந்தத் தொகையையே நம்பியிருந்த முத்துலட்சுமியின் விரலைக் கருவி மூன்று முறை மறுத்தது.

“நான் உசுரோட இருக்கறது இந்த மிஷினுக்குத் தெரியலையே அக்கா!” என்று அவர் உடைந்தார்.

நான் பொங்கினேன். “உழுத கைக்கு அடையாளம் கேட்கும் கருவியை உடைப்போம்! சாலையை மறிப்போம்!”

“மறியல் பண்ணுனா ரேகை முளைக்குமா, பேச்சாளரே? அம்புட்டுக் கோவத்தையும் வச்சுக்கிட்டு அந்தச் செம்புல தண்ணி மோந்துட்டு வாங்க.”

மோந்து வந்தேன். முத்துலட்சுமியின் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவித் தன் முந்தானையால் துடைத்து அழுத்தினார் அன்னத்தாய். ஒன்பதும் தோற்றன. எழப்போனவரின் இடக்கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இரு தாயி. இன்னும் ஒரு விரல் இருக்குல்ல?”

சுண்டுவிரல். பட்டாசுக்குத் திரி செருகும்போது எதையும் தொடாமல் விலகி நிற்கும் விரல். கருவி பச்சை விளக்கைக் காட்டியது. அன்றுமுதல் எவருக்கு எந்த விரல் பேசும் என்று ஓர் ஏட்டில் எழுதத் தொடங்கினார். எந்த விரலும் பேசாதவர்க்கு, “தீபாவளி கழியட்டும். கம்பெனி பூட்டிக் கெடக்கையில தோலு வளந்துரும்” என்பார். வளர்ந்தது, அடுத்த முகாமில் கருவியும் ஏற்றுக்கொண்டது. “உங்களுக்குத் தொகை வந்ததா, அம்மா?” என்று ஒருமுறை கேட்டேன். “அது கெடக்கு” என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மகள் அந்த ஏட்டை என் கையில் தந்தார். கடைசிப் பக்கத்தில் அன்னத்தாய் என்ற பெயர். எதிரே பத்து விரல்களும் எழுதப்பட்டுப் பத்தும் அடிக்கப்பட்டிருந்தன. கீழே, “தீபாவளி கழியட்டும்.” அதன் கீழே, வேறு மையில், மீண்டும் அதே வரி. ஆலைகள் பூட்டிக் கிடந்த நாள்களிலும் அவர் வீட்டில் குழாய் ஒட்டுவது நிற்கவில்லை. தோல் எப்படி வளரும்?

எத்தனை ஊர்களில் உழைக்கும் கைகளைப் பாடினேன்! என் பக்கத்தில் அமர்ந்திருந்த இரண்டு கைகளை ஒருநாளும் திருப்பிப் பார்த்தேனில்லை. என்னை அதட்ட ஒரு குரல் வேண்டும் போலிருக்கிறது. பேசி முடித்ததும் கண்கள் இன்றும் முன்வரிசைக்கே போகின்றன.

நேற்று மீண்டும் முகாம். ஏட்டை விரித்து, அவர் அமரும் நாற்காலியில் நான் அமர்ந்தேன். அருகில் ஒரு செம்புத் தண்ணீர். ஒன்பது விரலும் தோற்ற ஒரு பெண் முந்தானையில் முகம் துடைத்து எழுந்தார். அவர் இடக்கையைப் பற்றினேன். என் செந்தமிழ் எங்கோ போயிற்று.

“இரு தாயி. இன்னும் ஒரு விரல் இருக்குல்ல?”

அன்னத்தாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு வரிதான்.