தனியாகப் பாடிய ஆறு பாட்டு

அந்த ராக் பாடகன் தன் குழுவை விட்டுப் பிரிந்ததும் முதலில் தனியாகப் பாடிப் பதிந்தது ஆறே பாட்டு. ஒரு கிதார், ஒரு குரல், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்தவற்றில் டிரம்ஸ் இடி இடிக்கும், ஊரே கொண்டாடும். எங்கள் வாட்ஸப் குழுவில் இருப்பவர்களுக்கு அந்த ஆறுதான் உசத்தி. பிந்தைய பாட்டைப் புகழ்ந்து யாராவது எழுதினால் நான் சண்டைக்குப் போய்விடுவேன்.

எங்களில் நுணுக்கமாகக் கேட்பவர் என் அக்கா வீட்டுக்காரர். பாவா என்று கூப்பிடுவேன். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறியில் லுங்கி நெய்கிறவர். மூன்றாவது பாட்டில் விரல் கம்பியில் வழுக்கும் கீச்சொலியை அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கே கேட்டது. தறி ஓடும்போதும் கேட்கட்டும் என்று, இருப்பதிலேயே சத்தம் அதிகம் வரும் இயர்போனாகத் தேடி வாங்கிக் கொடுத்தது நான். பெரிய புத்திசாலி. ஆறு வருஷமாகத் தறிச் சத்தத்தை மீறும் அளவுக்கு ஏற்றி வைத்துக் கேட்டார்.

மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்குப் பாவா பஸ் பிடித்துத் திருத்தணி வந்துவிடுவார். நான் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிடுவேன். மலைப்படியில் ஓரமாக உட்கார்ந்து, சாமி கும்பிட வருகிறவர்கள் முறைக்காத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து, என் போனில் ஆறையும் வரிசையாகக் கேட்போம்.

போன மாதம் நான்காவது பாட்டுக்கு நடுவில் யாரோ கடை திறந்திருக்கிறதா என்று கேட்டு போன் செய்தார்கள். பாட்டு நின்றது. நாலு படி இறங்கிப் பேசிவிட்டுத் திரும்பினேன். பாவா கண்ணை மூடியபடி தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். போன் என் கையில் இருந்தது. பாட்டை நான் இன்னும் மறுபடி போடவே இல்லை.

கண்ணைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நின்னு போச்சா?"

"இப்பதான் பாவா," என்றேன். பொய்.

அதன் பிறகு பாவா மறைக்கவில்லை. ஒரு வருஷமாகவே சரியாகக் கேட்பதில்லையாம். பாட்டுகள் மனப்பாடமாகிவிட்டதால் தலைக்குள்ளேயே ஓடுகின்றனவாம். தறிக் கொட்டகையில் எல்லோருமே வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். அவர் எங்கள் வாயைப் பார்த்துப் பதில் சொன்னதை அக்காகூடத் தறிக்காரர் பழக்கம் என்றே நினைத்திருந்தாள்.

மறுநாளே அரக்கோணத்தில் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். நரம்பு கெட்டுவிட்டது, போனது திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றுங்கள் என்றார். இயர்போனைப் பற்றி நானே சொன்னேன். தறியும் சேர்ந்துதான் கெடுத்தது என்று டாக்டர் ஆறுதலாகச் சொன்னார். என் மனசு அதை ஏற்கவில்லை. தறியை விடச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அக்கா வீட்டில் சோறு அதிலிருந்துதான் வருகிறது.

ரயிலுக்காகப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோம். பாவா என் பக்கம் திரும்பினார்.

"கடைசிப் பாட்டு முடியிறப்போ ஒரு மூச்சு வுடுவானே, அது உனக்குக் கேக்குது இல்ல?"

"ஆங், கேக்குது பாவா."

"எனக்கு அது மறந்து போயிக்கினே வருது. எப்டி இருக்கும், சொல்லு."

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்து அந்த மூச்சை மெல்ல விட்டுக் காட்டினேன்.