ஓர் ஆள் குறைந்த அரிசி

பள்ளியிலிருந்து வந்த கடைசிச் சம்பளம் ஆஸ்பத்திரி வாசலிலேயே கரைந்துபோனது. அரசு ஆஸ்பத்திரிதான், படுக்கைக்குக் காசில்லை. ஆனால் வெளியே நிற்கிற மனிதருக்கு மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு, எனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரைகள், குழந்தைக்குத் தொப்பி, காலுறை, போர்வை, ஊருக்கும் சென்னைக்குமாக அவர் அலைந்த அலைச்சல் என்று எதற்குப் போனதென்று பிடிபடாமலே போய்விட்டது. நாள் நிறைவதற்கு வெகு முன்பே வந்துவிட்டாள் என் மகள். அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில், பழவேற்காட்டு ஏரியில் தம் முறைக்கு வந்த பாட்டை விட்டுவிட்டு என் கணவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தார்.

பாடு என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். ஏரியில் இறால் ஓடிவருகிற தடம் எல்லா இடத்திலும் இல்லை. நல்ல இடங்கள் கொஞ்சம். அவற்றை நம்பியிருக்கும் வீடுகள் நிறைய. அதனால் இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று ஊரே முறை வைத்திருக்கிறது. தன் முறை வருகிற நாளில் கழி ஊன்றி வலை கட்டலாம். மற்ற நாளில் அந்த இடத்துப் பக்கம் போகக் கூடாது. அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். நடுவில் இருக்கும் நாட்களில் என் கணவர் நண்டு வலை போடுவார். அது குழம்புக்கும் கைச்செலவுக்கும் சரியாக இருக்கும்.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. அனுப்பம்பட்டுப் பக்கம் நெல் விளைகிற வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் அறுவடைக்கு அறுவடை பணம் வரும். பள்ளி வேலையில் மாதம் பிறந்தால் வரும். இங்கே பாடு வந்தால் வரும், அதுவும் ஏரி கொடுத்தால். நாற்பதை நெருங்கும்போது ஒரு மீனவரைக் கட்டிக்கொண்டேன் என்று என் பிறந்த வீடு கதவைச் சாத்திக்கொண்டது. ரயிலேறினால் தொட்டுவிடுகிற தூரம்தான். குழந்தையின் படத்தைத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னது மூன்று விஷயம். தாய்ப்பால் விடாமல் கொடுக்க வேண்டும், போதாததற்கு மட்டும் அவர்கள் எழுதிக் கொடுத்த பால்மாவு. கூட்டத்துக்குள் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. வாரா வாரம் எடை பார்க்க வேண்டும். "எடை ஏறணும்மா, அதுதான் முக்கியம்" என்று வாசல் வரைக்கும் வந்து சொன்னார். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அவள் தூங்கும்போது மூக்கருகில் விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு படும். உடனே, பட்டது நிஜமா, காற்றா என்று மறுபடி வைப்பேன். இன்றைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை.

நான் வேலை பார்த்தது ஒரு சிறிய தனியார் பள்ளி. சம்பளமில்லாத விடுப்புதான் அங்கே உண்டு. தலைமையாசிரியை போன் செய்தார்.

"மிஸ், உங்க கஷ்டம் புரியுது. ஆனா பசங்க பேரன்ட்ஸ் என்னைக் கேக்கறாங்க இல்ல? ஸ்கூல் திறக்கறப்ப வந்துடுவீங்கன்னா சொல்லுங்க. இல்லன்னா நான் வேற ஆள் பாக்கணும்."

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்."

யோசிப்பதற்கு ஒன்றுதான் இருந்தது. அவள் தேறுகிற வரைக்கும் நான் அவள் பக்கத்திலேயே இருக்க முடியுமா, முடியாதா. அதைப் பணம்தான் சொல்ல வேண்டும்.

ஒரு மத்தியானம் தினக்காலண்டரில் கிழித்த தாள்களைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் கணவர் வாசற்படியில் வலையின் கிழிசலைக் கோர்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாசம் எத்தனை பாடு வரும்?"

"வரும், ஒரு நாலு."

"ஒரு பாட்டுக்கு எவ்வளவு கிடைக்கும்?"

"அத்த இறாலாண்டதான் கேக்கணும்."

"விளையாடாதீங்க. சராசரியா ஒண்ணு சொல்லுங்க."

"சராசரியா?" அவர் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு யோசிப்பதுபோலப் பாவனை செய்தார். "போன பாட்டுல அரைக் கூடை. அதுக்கு முன்ன வெறும் பாசி. அப்ப சராசரி கால் கூடை. ஏன் டீச்சர், கால் கூடைய நான் ஒரு நாள்கூட எடுத்தாந்ததே இல்லியே, அது யார் வூட்டுக்குப் போச்சு?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கால் கூடை என்றே எழுதினேன். வேறு எதை எழுதுவது?

பிறகு வெட்டத் தொடங்கினேன். கட்டிக்கொண்டிருந்த சீட்டை நிறுத்தினேன். டிவிக்கு இனிக் காசு கட்டுவதில்லை. கடையில் விற்கும் டயபர் வேண்டாம், அவருடைய பழைய லுங்கிகளைக் கிழித்தால் போதும். எங்கள் ஊர்த் தண்ணீரில் துவைத்தால் துணி உப்பேறி அட்டைபோல விறைத்துக்கொள்ளும். குழந்தையின் தோலுக்கு ஆகாது. அதனால் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீர் வேண்டியிருந்தது. டயபரில் மிச்சம் பிடித்ததில் பாதி கேனில் போனது. கேஸைக் குறைக்கலாம் என்று பார்த்தேன். பால் கிண்ணம், ஸ்பூன், குடிக்கிற தண்ணீர் எல்லாவற்றையும் கொதிக்கவைக்க வேண்டும், குறைக்க முடியாது. அரசாங்கத்தின் உதவித்தொகை தவணை தவணையாக வரும் என்றார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியாததால் அதைத் தாளின் ஓரத்தில் எழுதி வட்டம் போட்டுவைத்தேன். நெல் விளைந்த வீட்டில் பிறந்து, கடை அரிசிக்குப் பணம் ஒதுக்குவது முதலில் கொஞ்ச நாள் கூச்சமாக இருந்தது. இப்போது அந்தக் கூச்சமெல்லாம் இல்லை.

எவ்வளவு வெட்டினாலும் துண்டு விழுந்தது. அப்போதுதான் காலண்டரைப் பார்த்தேன். அமாவாசையன்று எங்கள் பாடு! அமாவாசையை ஒட்டி ஏரியில் நீரோட்டம் பலமாக இருக்கும், இறால் இறங்கும் என்பது எனக்கே தெரிந்திருந்தது. அன்றைக்குக் கால் கூடை என்று எழுதத் தேவையில்லை. முழுக் கூடை என்று எழுதினேன். துண்டு மறைந்தது. பால்மாவு டின், எடை பார்க்கப் போகிற ஆட்டோ, கேஸ் எல்லாவற்றையும் அந்த ஒரு நாளின் மேல் ஏற்றிவைத்தேன். அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு மத்தியானத்தில் கண்ணசந்தேன்.

அமாவாசையன்று காலையிலேயே வலையைத் தட்டி மடித்துப் படகில் வைத்துவிட்டு வந்தார். சாயங்காலம் இறங்குவதாக ஏற்பாடு. உச்சிப்பொழுதில் மேளச் சத்தம் கேட்டது. எங்கள் வாசல் வழியாகத் தினமும் ஏரிக்குப் போகிற ஒரு பெண் உண்டு, கையாலேயே தடவி இறால் பிடிப்பவள். குழந்தையை எட்டிப் பார்க்காமல் போகமாட்டாள். அவள்தான் வேலியோரம் நின்று சொன்னாள்.

"டீச்சரம்மா, தெருக்கோடி வூட்ல படுத்த படுக்கையா இருந்தாரே பெரிய நைனா, பூட்டாராம். பொண்ணு சூளூர்ப்பேட்டைலேர்ந்து வரணுமாம். நாளைக்குதான் எடுப்பாங்க."

எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. பால்மாவு டின்தான் கண்ணில் நின்றது.

ஊரில் சாவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் யாரும் ஏரியில் வலை இறக்கமாட்டார்கள். கல்யாணமாகி வந்த புதிதிலேயே பார்த்திருக்கிறேன். என் கணவர் அதற்குள் படகிலிருந்து வலையை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னைக்கு நம்ம பாடு?" என்றேன்.

"இன்னா பாடு? ஊர்ல பொணம் கெடக்குது."

"அப்ப நாளைக்கு இறங்கலாமா?"

"நாளைக்கு நாளைக்காரன் பாடு. இன்னைக்குள்ளது இன்னைக்கோட பூட்சு." வலையைக் கொடியில் போட்டார். "சட்டைய எடு. நான் அங்க போய் நிக்கணும்."

சட்டையை எடுத்துக் கொடுத்தேன். பந்தலுக்கும் மேளத்துக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிக்கும், அதையும் கொடுத்தனுப்பினேன். மழை வந்தால் ஆட்டோக்காரர் கூடக் கேட்பார் என்பதுவரைக்கும் யோசித்து எழுதிய நான், சாவு என்ற ஒன்றை எழுத மறந்திருந்தேன். இந்த ஊரில் பிறந்த எந்தப் பெண்ணும் ஒரே ஒரு நாளின் மேல் ஒரு மாதத்தை ஏற்றிவைத்திருக்கமாட்டாள். மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் குழந்தை தூக்கத்தில் திடுக்கிட்டுக் கைகளை விரித்தாள். அவள் காதுகளைப் பொத்திக்கொண்டு அன்று மாலைவரை உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் அந்த வீட்டில் இருந்தார்கள். பச்சைக்குழந்தைக்காரி அங்கே போகக் கூடாது.

மறுநாள் எடுத்தபிறகு, குளித்த தலையைத் துவட்டாமலே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"தங்கலுக்குப் போலாம்னு பாக்கறேன்."

காசிமேட்டிலிருந்து பெரிய போட்டுகள் கடலுக்குள் போய்ப் பல நாள் தங்கி மீன் பிடித்துத் திரும்பும். அதைத்தான் தங்கல் என்பார்கள். அடுத்தவர் போட்டில் கூலி ஆளாக ஏறமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

"இன்னாத்துக்கு இப்ப?" என்றேன். பதற்றத்தில் எனக்கும் இந்த ஊர்ப் பேச்சே வந்தது.

"சாவு வூட்ல ஒரு பையன் சொன்னான், ஆளு கேக்கறாங்கன்னு. என் பாட்டுல என் பங்காளி நிப்பான், வர்றதுல பாதி உன் கைல குடுத்துடுவான். ஊர்ல சொல்லிட்டேன்."

"என்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியே ஊர்ல சொல்லியாச்சா?"

அவர் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டத் தொடங்கினார்.

"வேணாம். ஸ்கூல் திறந்ததும் நான் போறேன்."

"போயி? பாப்பாவ இன்னா பண்ணுவ? கருவாடு மாதிரி கூரை மேல காய வெச்சிட்டுப் போவியா?"

"நீங்க பார்த்துக்கங்க."

"என்னாண்ட பால் இருந்தா பார்த்துக்க மாட்டனா?" சொல்லிவிட்டுத் தம் மார்பைத் தாமே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். சிரிக்கவைக்கத்தான் செய்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். "நீ போட்ட கணக்கப் பார்த்தேன். ஒரே கூடையத்தான் திரும்பத் திரும்ப எத்தினி வாட்டி எழுதிக்கீற."

இரண்டு நாள் கழித்துக் கிளம்பினார். குழந்தையைக் கையில் வாங்கி, அவள் எவ்வளவு கனக்கிறாள் என்று தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். பொன்னேரி பஸ்ஸில் ஏறும்வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் நின்றுவிடுவார் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

அந்த வாரமே பள்ளிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். புதிதாகக் கணக்குப் போட்டேன். போட்டில் பிடிக்கிற மீனில் அவருக்கு வரும் பங்கு, பங்காளி கொண்டுவந்து தரும் பாதி, எல்லாம் சேர்த்து இந்த முறை துண்டு விழவில்லை. செலவில் ஓர் இடத்தில் கொஞ்சம் மிச்சம்கூட வந்தது. எங்கே என்று தேடினேன். அரிசி. ஓர் ஆள் சாப்பாடு குறைந்திருந்தது. கணக்கு சரியாக வந்ததற்கு நான் அழுதது அதுதான் முதல் முறை.

அதன்பின் நாட்கள் ஒன்றுபோலவே போயின. பால் கொடுப்பது, துணி அலசுவது, கொதிக்கவைப்பது. சில நாள் சாயங்காலம் குழந்தையிடம் பேச வாயைத் திறக்கும்போது குரல் கரகரக்கும். காலையிலிருந்து யாரிடமும் பேசியிருக்கமாட்டேன். நாற்பது பிள்ளைகள் இரையும் வகுப்பில் இருந்தவள் நான். ஏரியில் மோட்டார்ப் படகு போகும் சத்தம் வந்தால், அது அவருடையதாக இருக்க முடியாது என்று தெரிந்தும் கை வேலை நின்றுவிடும். தங்கல் முடிந்து வருகிறபோது இரண்டு நாள் இருப்பார். அதில் ஒன்றைத் தூங்கியே கழிப்பார். குழந்தைக்கு அவர் முகம் பழகுவதற்குள் கிளம்பிவிடுவார். ஒரு முறை அவர் தூக்கியதும் வீறிட்டு அழுதாள். "டீசல் நாத்தம் புடிக்கல போல" என்று என்னிடம் தந்துவிட்டு, போய் மறுபடியும் குளித்துவிட்டு வந்தார்.

சென்ற வாரம் எடை பார்க்கப் போனோம். சுகாதார நிலையத்து நர்ஸ் குழந்தையைத் தராசில் கிடத்தி, கைகளை எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். நர்ஸ் சிரித்தார்.

"மூணு கிலோவைத் தாண்டிட்டா. அடேயப்பா! இன்னா சாப்பிடற நீ?" என்று குழந்தையின் வயிற்றில் விரலால் தட்டினார். என்னைப் பார்த்து, "எல்லாம் நல்லா போவுதும்மா. இன்னும் ஒரு மூணு மாசம் இப்படியே பாத்துக்கங்க" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். வெளியே வந்த பிறகுதான் அந்த 'இப்படியே' உறைத்தது. இப்படியே என்றால் அவர் கடலில், நான் இங்கே.

வாசல் வேப்பமரத்தடியில் நின்று அவருக்குப் போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னது. போட்டு கரைக்குத் திரும்ப இன்னும் ஒரு வாரமாவது ஆகும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் மறுபடி அடித்தேன். தம்பியின் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

ஆட்டோவை ஏரிக்கரையிலேயே நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கொஞ்ச தூரத்தில் அந்த இறால் பிடிக்கும் பெண் மார்பளவு தண்ணீரில் குனிந்து தடவிக்கொண்டிருந்தாள். யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"மூணு கிலோ தாண்டிட்டா!" என்று கத்தினேன்.

அவள் நிமிர்ந்தாள். பிடித்த இறாலைப் போட்டுவைக்கும் ஓலைப்பையைப் பற்களுக்கிடையில் கவ்வியிருந்தாள். வாயைத் திறந்தால் காலையிலிருந்து பிடித்ததெல்லாம் ஏரிக்குள் போய்விடும். கையைத் தூக்கி, என்ன என்பதுபோல் அசைத்தாள். நான் மூன்று விரல்களைக் காட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக் காட்டினேன். ஓலைப்பையோடு தலையைப் பலமாக ஆட்டினாள். பிறகு மறுபடி குனிந்து கைகளைத் தண்ணீருக்குள் விட்டாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முந்தானையைக் குழந்தையின் தலைக்கு மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கதவைத் திறந்ததும் முதல் வேலையாக அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அவளுக்குப் பால் நேரம்.