கணக்கில் வராத கத்தி

போர்கில்டுக்குச் சந்தேகம் பிறவிக் குணம். முப்பது வருடம் எங்கள் தீவின் தபால் அலுவலகத்தில் இருந்தவள், உறையைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதை ஊகித்துவிடுவாள். ஓய்வு பெற்றதும் பழைய மீன் கிடங்கிலிருக்கும் அருங்காட்சியகத்தின் சாவியை வாங்கிக்கொண்டாள். வெளியே போகிற எவர் பையையும் திறந்து பார்ப்பாள். பாதிரியாரைக்கூட விட்டதில்லை. சனிக்கிழமைகளில் அங்கே காபி போடுகிற என்னை மட்டும் விடுவாளா?

ஒவ்வொரு பொருளின் அடியிலும் வெள்ளைப் பூச்சு வைத்து அதன்மேல் மையால் எண் எழுதுவாள். பெரிய நோட்டில் அந்த எண்ணோடு கொடுத்தவர் பெயர், ஊர். அந்த நோட்டில் ஏறியவர்தான் அவளுக்குத் தீவுக்காரர். என் அம்மா ஹில்மா வடக்கிலிருந்து வேலைக்கு வந்து, நாற்பது வருடம் இதே கிடங்கில் ஹெர்ரிங் மீனுக்குக் குடலெடுத்தவள். ஆசையாய்த் தன் கத்தியைக் கொண்டுவந்து நீட்டினாள். போர்கில்ட் தொடக்கூட இல்லை. “இது உள்ளூர்க்காரங்க சாமானுக்கு இடம்” என்றாள். அந்தக் குளிர்காலத்திலேயே அம்மா போய்ச் சேர்ந்தாள். எனக்கு ஆறவே இல்லை. போன ஜூனில் மற்றக் கத்திகளின் நடுவே அதை நானே வைத்துவிட்டேன். போகிறவர் பையைத்தானே பார்க்கிறாள், வருகிறவர் பையையா?

அக்டோபரில் கதவடைக்குமுன் கணக்கெடுப்பு. நோட்டில் நானூற்றுப் பன்னிரண்டு. அலமாரித் தட்டுகளில் நானூற்றுப் பதின்மூன்று. மூன்று தரம் எண்ணினாள்.

“குறைஞ்சா திருடன்னு சொல்லலாம். கூடினா யாரைச் சொல்றது? பாதிரியாரா இருக்குமோ? அந்த மனுஷன் சிரிக்கிற சிரிப்பே சரியில்ல.”

“அவர் எதுக்குக்கா மீன் கத்தியக் கொண்டாந்து வைக்கப்போறார்?”

“கத்தின்னு நான் சொன்னேனா, யூருன்?”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னை வாயே காட்டிக்கொடுத்துவிட்டது.

“எங்கம்மாவுதுதான். இங்க இருக்கக் கூடாதுன்னா குடுத்துடுங்க. நானும் இனிமே வரல” என்றேன்.

அவள் கத்தியை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அலகு பாதிதான் மிச்சமிருந்தது.

“தீட்டித் தீட்டியே தேஞ்சிருக்கு. இந்தப் பாதி எங்கடி போச்சு?”

“வேற எங்க? இந்தக் கிடங்குலதான்.”

அவள் வெள்ளைப் பூச்சை எடுத்துப் பிடியின் அடியில் தடவினாள். அது காய்ந்ததும் எண் போட்டாள். நோட்டை விரித்து, கொடுத்தவர் பெயர் ஹில்மா என்று எழுதினாள். ஊர் என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு எங்கள் தீவின் பெயரை எழுதினாள்.

நான் அழுதுவிட்டேன். அவள் நோட்டை மூடிக்கொண்டே சொன்னாள்: “இனிமே நீ உள்ள வரும்போதும் பையக் காட்டணும்.”