கண்காட்சிக்கு வளர்த்த செம்மறிக் கடா

தாய் செத்த செம்மறிக் குட்டி அது. போத்தலில் பால் பருக்கி வளர்த்தவள் நான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முரசுமோட்டையில் காணி கிடைத்துக் குடியேறியிருந்த காலம். எங்களுக்குப் பிள்ளை குட்டி இன்னும் இல்லை. எனக்கோ வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்க்கு எதிர்வாய் பேசாத சீவன் வீட்டில் அது ஒன்றுதான். கடாவாக வளர்ந்த பிறகும் நான் கிணற்றடிக்குப் போனால் பின்னால் வந்து நிற்கும்.

கிளிநொச்சியில் கால்நடைக் கண்காட்சி நடக்கப்போகிறது என்றதும் என் புருஷனுக்கு ஆசை பிடித்துவிட்டது. கடாவைக் கொழுக்க வைத்து அங்கே நிறுத்த வேண்டுமாம். அவருடைய ஆட்கள் ஊரில் கோயில் வேள்வியில் வெட்டக் கிடாய் வளர்ப்பதில் பேர் எடுத்தவர்கள். அதனால்தான் நான் முதலிலேயே கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, கண்காட்சி முடிய இதை வெட்டக் குடுத்திடுவியளோ?"

"உமக்கென்ன விசரே? இது கண்காட்சிக் கடா. பிறகும் உம்மோடைதான் நிக்கும்."

கால்நடைக் கந்தோரிலிருந்து வந்த உத்தியோகத்தர் ஐயா ஒருவர், காலையும் மாலையும் கடாவை நடத்தச் சொன்னார். நடந்தால்தான் தீனி சதையாகும், இல்லாவிட்டால் வெறும் கொழுப்பு என்றார். என் புருஷன் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு, தன் தகப்பன் செய்ததையே செய்தார். ஆட்டைக் கொழுக்க வைக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். கண்ணூறு படாமல் தென்னங்கிடுகால் மறைப்புக் கட்டி உள்ளே விட்டார். கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினார். ஊறவைத்த பயறு, பிண்ணாக்கு, தவிட்டுக் கஞ்சி, வாழைப்பழம் எல்லாம் கையால் ஊட்டினார். நாங்கள் சாப்பிட முன்னம் அது சாப்பிட வேண்டும். அதை ஏசக் கூடாது. கொழுத்துவிட்டது என்று வாயால் சொல்லவும் கூடாது.

அயலட்டை முழுவதும் எங்கள் ஊர்ச் சனம். இப்படி வளரும் ஆட்டுக்கு என்ன முடிவு என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. வாய்க்கால் கரை மருதமரத்தடியில் சூலம் நட்டு வைரவரை வைத்திருந்தோம். காட்டை வெட்டி வந்து இருந்துகொண்டு அவருக்கு இன்னும் ஒரு வேள்வியும் கொடுக்கவில்லையே என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

பெண்கள் பழத்தோடு வரத் தொடங்கினார்கள். மறைப்புக்குள் கையை நீட்டி ஊட்டுவார்கள். அதன் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். 

"இது கண்காட்சிக்கு வளக்கிறம்" என்பேன் நான்.

"ஓம், ஓம்" என்பார்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போகப் போகப் பயமும் வந்தது. கடா கத்துவதை விட்டுவிட்டது. நான் போனாலும் எழும்பாது. இருட்டுக்குள் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

கண்காட்சிக்கு அதை வண்டிலில் ஏற்றித்தான் கொண்டுபோனோம். அதே கந்தோர் ஐயா விலாவுக்குப் பின்னால் முதுகெலும்பைத் தேடி அமுக்கினார். விரல்கள் புதைந்துபோயின. "நடத்திக் காட்டுங்கோ" என்றார். கால்கள் நடுங்க அது நின்ற இடத்திலேயே படுத்துவிட்டது. வெயிலுக்கு மயங்குகிறது என்று யாரோ வாளித் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினார்கள். கடா எழும்பியது. தலையிலிருந்து வால்வரை உடம்பைச் சிலிர்த்து உதறியது.

சுற்றி நின்ற எங்கள் சனம் கடாவை நெருங்கி வந்தது. வேள்வியில் வெட்ட முன்னம் கிடாயின் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். அது சிலிர்த்தால் தெய்வம் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். ஒவ்வொருவராகக் கை கூப்பினார்கள். என் புருஷனைப் பார்த்தேன். அவரும் கூப்பியிருந்தார்.

"தண்ணி பட்டா நாயும்தான் சிலிர்க்கும்" என்றேன்.  கூப்பிய கை ஒன்றும் இறங்கவில்லை. பரிசு யாருக்குப் போனதென்று விசாரிக்கக்கூட எங்கள் பக்கத்தில் ஆளில்லை.

மறுநாள் விடிய, அவர் வாய்க்காலில் தோயப் போன நேரம் பார்த்து மறைப்பைத் திறந்துவிட்டேன். வளவுக்குப் பின்னால் காடு. நரியோ சிறுத்தையோ தின்றாலும் பரவாயில்லை, இவர்கள் கையில் அகப்படக் கூடாது என்று நினைத்தேன். காட்டுப் பக்கமாகப் பிடித்துத் தள்ளினேன். அது அசையவில்லை. தலையை வீட்டு முன் ஒழுங்கைப் பாதைப் பக்கம் திருப்பியது. அப்போதுதான் பார்த்தேன். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் சனம் நின்றது. யாரும் யாரையும் கூப்பிட்டதாகச் சத்தம் கேட்கவில்லை. எல்லோர் கையிலும் பழம் இருந்தது.

கண்காட்சியில் ஒரு அடி வைக்காத கடா, ஒவ்வொரு கையிலும் வாங்கித் தின்றபடி மருதமரத்தை நோக்கி நடந்தது. என் புருஷன் ஈர வேட்டியோடு வந்து அதன் பின்னால் போனார். அவர் கயிறுகூட எடுக்கவில்லை. நான் அழுதேன், வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"வெட்ட விடமாட்டன் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

அவர் திரும்பி, காய்ச்சல்காரி பிதற்றுவதைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"நான் என்ன செய்ய? அதுவா எல்லோ போகுது."

மத்தியானம் எங்கள் பங்கு இறைச்சி வந்தது. "இது வளர்த்தவவுக்கு" என்று ஈரலை மட்டும் வாழையிலையில் தனியாகச் சுற்றி அனுப்பியிருந்தார்கள். இலையைப் பிரித்தேன். இன்னும் சூடு ஆறவில்லை.