சம்பந்தி மேல் எறியாத பந்து

புது ரப்பர் பந்தின் வாசனை… இன்று காலை பையைத் திறந்ததும் அப்படியே மூக்கில் ஏறியது. அதனால்தான் இந்தப் பதிவு.

அப்போது நான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் ரெக்ரியேஷன் தெரபி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். விளையாட்டு, பாட்டு, கைவேலை மூலமாக உடம்பையும் மனசையும் தெம்பாக்குகிற படிப்பு. "பந்து வெளாடக் கத்துக்குடுக்க ஒரு காலேஜா?" என்று சொந்தக்காரர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

புதன்கிழமைதோறும் மாணவிகளோடு டவுன் பஸ் ஏறி, சின்னாளப்பட்டியில் முதியோர் பகல் மையத்துக்குப் போவோம். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம். எதிரில் இருப்பவரின் பெயரைச் சொல்லி, கையை உயரத் தூக்கிப் பந்தை எறிய வேண்டும். ஞாபகத்துக்கும் பயிற்சி, தோளுக்கும் பயிற்சி.

முத்துப்பேச்சி அம்மா மட்டும் பந்தை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்ப்பார். மூன்று வாரமும் இதே கதைதான். நானும் பெரிய கெட்டிக்காரி மாதிரி படிவத்தில் எழுதினேன்: 'பெயர் நினைவில்லை. தோள் உயரவில்லை.'

நாலாவது வாரமும் அப்படியென்றால் மையத்தில் அவரை வட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, தனி அறையில் கட்டிலில் படுத்துச் செய்யும் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அவர் நாலு பேரோடு உட்காருவதே அந்த ஒரு மணி நேரம்தான்…

நாலாவது புதன். நாங்கள் போய் இறங்கும்போது மையத்து வாசலில் செம்பருத்திச் செடியை ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. முத்துப்பேச்சி அம்மா செருப்பைக் கழற்றி, கையைத் தலைக்கு மேல் ஓங்கி ஒரு வீசு வீசினார் பாருங்கள்!

"ஏலே மாரிமுத்து, ஒன் ஆட்டக் கட்டிப் போடுலே!"

பெயரும் நினைவிருக்கிறது, தோளும் உயர்கிறது! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"ஏம்மா, கை இம்புட்டு உசரம் போகுதே… பந்த மட்டும் ஏன் எறிய மாட்டேங்குறீக?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வட்டத்துல எனக்கு எதுக்க ஒக்கார்றது என் சம்பந்தி, டீச்சரம்மா. எம் பொண்ணு அவுக வீட்டுலதான் வாழுது. அவுகளப் பேரு சொல்லிக் கூப்பிட்டு, மூஞ்சிக்கு நேரா பந்த எறியச் சொல்றீகளே… இத அவுகள வச்சுக்கிட்டு எப்புடிச் சொல்ல?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. உள்ளே போய் முதல் வேலையாக அவருடைய நாற்காலியைப் பாப்பாத்தி என்ற பாட்டிக்கு எதிரில் மாற்றினேன்.

"ஏ பாப்பாத்தி, புடி!"

பந்து பாப்பாத்தியைத் தாண்டிப் போய் ஜன்னல் கம்பியில் மோதியது. முதலில் கை தட்டியது சம்பந்திதான்!

படிவத்தைக் கிழித்துப் போட்டேன். ஆனால் இதற்கு முன்னால் எத்தனை பேரை இப்படித் தப்பாக எழுதியிருப்பேன்? அந்தக் கேள்வி அதன் பிறகு என்னை விடவே இல்லை.

அதன் பின்னாலேயே வந்து, இதோ ஐம்பத்திரண்டு வயதில் வகுப்பறையை விட்டுவிட்டு, முதுமையில் நலமாக இருப்பது பற்றிய ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டேன்! கழுத்தில் புது அடையாள அட்டை. ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

அன்று நாலு பந்தும் ஒரு படிவமும். இன்று டேப்லெட், நடப்பதை அளக்க மணிக்கட்டில் ஒரு கருவி… முத்துப்பேச்சி அம்மாதான் இல்லை. எங்கள் ஆராய்ச்சிக் கேள்வித்தாளை அவரிடம் காட்ட ஆசையாக இருந்தது. முதல் கேள்வி நான் எழுதியது: 'இந்த வட்டத்தில் யார் உங்களுக்கு என்ன முறை?'

இன்று முதல் வட்டம். முதல் ஆளாக உட்கார்ந்த பெரியவரிடம் அதைக் கேட்டேன். எதிரில் பார்த்தார். பொக்கை வாய் முழுக்கச் சிரிப்பு.

"அவன் எம் மச்சினன், டீச்சர். எனக்கு ரெண்டு பந்தாக் குடுங்க!"