ரதி அக்கா போர்த்திய விரிப்புகள்

குளிர்நாட்டில், ரொம்மன் என்ற பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கோடை முழுவதும் போஞ்சியும் பூசணியும் வளர்த்தேன். செப்டம்பரில் ஒரு மாலை, வேலை முடிந்து வந்து பார்த்தால் செடிகள்மேல் படுக்கை விரிப்புகள் கிடந்தன. மேல்மாடி ரதி அக்காவுடையவை. துணி காயப்போட என் தோட்டம்தானா கிடைத்தது? எரிச்சலில் எல்லாவற்றையும் இழுத்து வேலியோரம் எறிந்தேன்.

காலையில் செடிகள் உறைபனியில் கருகித் தொங்கின.

ரதி அக்கா ஓடி வந்தார். “உறைபனி விழும் எண்டு போனிலை போட்டிருந்தது. நீர் வேலையிலை, அதுதான் நான் மூடிவிட்டனான். காத்துத் தூக்கி எறிஞ்சுபோட்டுது போலை. இறுக்கிக் கட்டாதது என்ரை பிழை, மன்னிச்சுக்கொள்ளும்.”

“ஓம் அக்கா, நல்ல காத்துத்தான்,” என்றேன்.

அடுத்த கோடையில் புதிதாக நட்ட பூசணி காய்த்தது. நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவரைக் கேட்கவிட்டேனே என்று என்மேல் வந்த எரிச்சல் மட்டும் இன்னும் தீரவில்லை.