பால் கொடுக்க வரவும்

மில் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம், பெரியவர்களைத்தான் சமாளிக்க முடியாது. என்னைப் போல அங்கே பொறுப்பு பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அறுபதுகளில் திருவெறும்பூருக்கு அப்பால் ஒரு நூல் மில்லில் நான் பட்டது இது.

சீட்டு திரும்பி வந்தது

கைக்குழந்தைக்காரிகள் நாளுக்கு இரண்டு தடவை வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சட்டமே இருந்தது. பிள்ளை அழுதால் நான் சீட்டு எழுதி உள்ளே அனுப்புவேன். நூல் சுற்றும் ரீலிங் செக்ஷன் பொன்னம்மாவின் மகனுக்கு அப்போது நாலு மாதம். "பொன்னம்மா, பால் கொடுக்க வரவும்" என்று எழுதி அனுப்பினேன்.

சீட்டைத் தூக்கிக்கொண்டு அந்த செக்ஷன் மேஸ்திரியே வந்துவிட்டார். தன் வீட்டுப் பசுவுக்கு மடி கனத்ததையும், கன்று முட்டி முட்டிக் குடித்ததையும் அன்று காலையில்தான் கேட்டில் நின்று பத்துப் பேருக்கு விலாவாரியாகச் சொன்னவர் அவர். அதை நான் ஞாபகப்படுத்தினேன்.

"மாடு வேற, மனுஷி வேறம்மா. ஆம்பளைங்க இருக்கிற இடத்துல இப்படிப் பச்சையா எழுதலாமா?"

கௌரவமான சொல்

விவகாரம் லேபர் ஆபீசரிடம் போனது. ஸ்ரீரங்கத்துக்காரர், நல்ல மனிதர்தான். "ஸ்தன்யபானம்னு எழுதுங்கோளேன், கௌரவமா இருக்கும்" என்று, பால் குடிப்பதற்கு ஒரு சமஸ்கிருதச் சொல்லைக் கொடுத்தார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் எழுதினேன்.

மேஸ்திரி அதை ரீலிங் செக்ஷனில் உரக்கப் படித்தாராம். பொன்னம்மா தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல் ஓடி வந்தாள். தொட்டிலில் பிள்ளை பசியில் விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். அவனை வாரி எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து அழுதாள்.

"என்ன சீக்குக்கா அது? பொழச்சுக்குவானா?"

ரெஜிஸ்டரில் ஒரு கட்டம்

பிறகு சீட்டில் பெயரை மட்டும் எழுதினேன். ஆனால் வேலை நடுவே எழுந்து போகிறவர்களுக்கு ஒரு ரெஜிஸ்டர் இருந்தது. அதில் காரணம் எழுத ஒரு கட்டமும் இருந்தது. கிளார்க் நாசூக்கானவர். பொன்னம்மாவுக்கு நேராகத் தினமும் இரண்டு தடவை 'சொந்த வேலை' என்று எழுதிவைத்தார்.

வருஷக் கடைசியில், தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்கும் லிஸ்ட் வந்தது. பொன்னம்மாவின் பெயர் இல்லை. அடிக்கடி சொந்த வேலையாக எழுந்து போகிறவளாம்! புருஷன் இல்லாதவள், இந்த வேலை போனால் தாய்க்கும் பிள்ளைக்கும் வேறு கதி கிடையாது. அவளை இழுத்துக்கொண்டு மானேஜர் அறைக்குப் போய்க் கத்தினேன். மானேஜர், கிளார்க், மேஸ்திரி மூன்று பேரும் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னம்மா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள்.

"பால் குடுத்த எனக்கே வெக்கமில்லீங்க. எழுதுற உங்களுக்கு எதுக்குங்கய்யா வெக்கம்?"

அடுத்த லிஸ்ட்

'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று அனுப்பிவிட்டார்கள். இன்று நிறுத்துவார்களோ, நாளை நிறுத்துவார்களோ என்று பயந்துகொண்டே அந்த வருஷத்தை அவள் ஓட்டினாள். அதற்குள் மகன் பால்குடி மறந்து, என் மடியில் உட்கார்ந்து இட்லி தின்ன ஆரம்பித்திருந்தான்.

அடுத்த லிஸ்ட்டில் பொன்னம்மா பெயர் இருந்தது. கிளார்க் ரெஜிஸ்டரைக் காப்பகத்துக்கே கொண்டுவந்து பிரித்துக் காட்டினார். கடைசிப் பக்கங்களில் ஒரு 'சொந்த வேலை'கூட இல்லை. அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"பாத்தீங்களாம்மா, பொன்னம்மா எப்படித் திருந்திட்டா!"

பிள்ளை இட்லி தின்னப் பழகுவதற்கு 'தாயின் நன்னடத்தை' என்று ஒரு பெயர் உண்டு என்பதை அந்த மில்லில்தான் தெரிந்துகொண்டேன்.